டைவிங் கிளப் பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு ஸ்கூபா கிளப் நடத்திய வார இறுதிப் பயணத்துக்கு நானும் என் தம்பியும் போனோம். இரண்டு நாள், நான்கு டைவ், எல்லாக் கருவிகளும் உண்டு, படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். முதல் டைவ் முடிந்த கையோடு தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. வேறு யாருக்கும் இந்த நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் படகுத்துறையில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரெஸ்ஸருக்கு மின்சாரம் கொடுக்கும் டீசல் ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஓடியது. கம்ப்ரெஸ்ஸர் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், ஜெனரேட்டர் புகை கக்கும் பக்கமாகவே தரையில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அப்போதே நிறுத்தச் சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

படகில் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் வாய்க்கருவி) வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்ததுமே தம்பி, "அண்ணா, ஏதோ கருகின எண்ணெய் வாசனை வருதே" என்றான். ஏற்பாட்டாளரிடம் சொன்னோம். "புது ரப்பர் வாசனை தம்பி, கீழே போனா தெரியாது" என்றார். எங்களை அழைத்துப் போகிறவர் அவர்தானே என்று நம்பி இறங்கினோம்.

15 மீட்டர் ஆழத்தில் இருபது நிமிடம் போயிருக்கும். தம்பி உள்ளங்கையை விரித்து இரண்டு பக்கமும் ஆட்டினான். ஏதோ சரியில்லை என்பதற்கான சைகை அது. அடுத்து நெற்றியைத் தொட்டுக் காட்டினான். எனக்கும் தலை கனத்துக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக மேலேறி, பாதுகாப்புக்காக வழக்கமாக நிற்பதுபோல 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடமும் அவன் என் தோள்பட்டை வாரைப் பிடித்த பிடியை விடவில்லை. படகில் ஏறியதும் வாந்தி எடுத்தான். சொல்வது எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. வேறு இரண்டு பேருக்கும் தலைவலி.

ஆக்சிஜன் கேட்டேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நின்றது. அதற்குப் பதிலாக ஏற்பாட்டாளர் தம்பியின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, "பாருங்க சார், 98 காட்டுது, வெறும் கடல் மயக்கம்தான்" என்றார்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். சாதாரண விரல் ஆக்சிமீட்டரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நச்சு ஏறியிருந்தாலும் நல்ல எண்ணையே காட்டும். ஆழத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 15 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டரை மடங்கு. காற்றில் கலந்த நச்சும் அதே அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் போகும். அங்கே ஆக்சிஜனின் அழுத்தமும் கூடுதலாக இருப்பதால் கீழே ஓரளவு சமாளித்துவிடலாம். மேலே வரும்போதுதான் உடம்பு தள்ளாடும். தம்பிக்கு நடந்ததும் அதுதான். ரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு என்று உறுதியானது. பல மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

கார்பன் மோனாக்சைடுக்கு என்று ஒரு வாசனையும் கிடையாது. கூடவே எண்ணெய்ப் புகை கலந்திருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. வாசனை இல்லை என்பதால் காற்று சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். நிரப்பும் இடத்துக்கே போய், குழாய் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்று பாருங்கள். வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று குறிப்பேட்டைக் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடை அளக்கக் கையடக்கக் கருவியே இருக்கிறது. ஆக்சிஜன் பெட்டியைக் கரையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம், ரெகுலேட்டரில் நாலைந்து மூச்சு இழுக்கும்போது சிலிண்டரின் பிரஷர் முள்ளிலேயே கண் வையுங்கள். மூச்சுக்கு மூச்சு முள் கீழே விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். காற்றில் சந்தேகம் வந்தால் இறங்காதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

மீதி மூன்று டைவுக்கான பணத்தைக் கேட்டேன். புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த பயணம் இலவசம் என்றார்கள். நான் மறுத்ததும் கிளப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அந்தக் கம்ப்ரெஸ்ஸரின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அன்று தலைவலியோடு கரை சேர்ந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.