சனி மாலைப் பாவசங்கீர்த்தனம், ஞாயிறு நன்மை: எங்கள் பங்குக் கோயிலின் ஏற்பாடு

பூசையில், அதாவது திருப்பலியில், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குவதற்கான ஆயத்தம் முந்தின நாளே தொடங்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான். சனி மாலை ஐந்தரை முதல் ஏழு வரை நற்கருணை ஆராதனை. அதே நேரம் இரண்டு சாமியார்கள் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கிறார்கள். ஞாயிறு பூசைக்குக் கால் மணி முன்னால் வரிசையில் நின்று, வருகைப் பாடல் தொடங்கியதும் பாதியில் கலையும் அவஸ்தை இல்லை.

வாசலில் ஆத்தும சோதனை அட்டை, அதாவது செய்த பாவங்களை நினைத்துப் பார்க்க உதவும் அட்டை, வைத்திருக்கிறார்கள். பத்துக் கட்டளை வரிசையில், மழுப்பாத கேள்விகள்: 'கையில் பணம் இருந்தும் கடனை இழுத்தடித்தேனா?', 'வேலைக்காரரின் கூலியைப் பிடித்து வைத்தேனா?', 'சொத்துத் தகராறில் உடன்பிறந்தவரோடு பேசாமல் இருக்கிறேனா?' இப்படிக் கேட்டால்தான் மனசாட்சி பதில் சொல்லும்.

ஆனால் சாவான பாவம், அற்பப் பாவம் இரண்டையும் அட்டை பிரித்துக் காட்டவில்லை. இது பெரிய குறை. கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். அது இருந்தால், நன்மைக்கு முன் வகையும் எண்ணிக்கையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். அற்பப் பாவம் நன்மை வாங்கத் தடையல்ல. நற்கருணையே அதைப் போக்கும். இது தெரியாததால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் பிள்ளையை அதட்டியதற்கெல்லாம் நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அட்டையில் மூன்று வரி சேர்த்தால் தீரும்.

உபவாச அறிவிப்பும் தவறு. 'பூசைக்கு ஒரு மணி நேரம் முன்' என்று பலகையில் இருக்கிறது. நன்மை வாங்கும் நேரத்திலிருந்துதான் அந்த ஒரு மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஏழு மணிப் பூசையில் 7.40-க்கு நன்மை என்றால் 6.40-க்குள் காபியை முடித்தால் போதும். தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது. முதியவர்கள், நோயாளிகள், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு இந்த விதி இல்லை. 1957-ல் திட உணவுக்கு மூன்று மணி நேரமாக இருந்தது, 1964-ல் ஒரு மணி நேரமானது. அதற்கு முந்தைய வழக்கப்படி நள்ளிரவிலிருந்தே ஒன்றும் உண்ணாத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பக்தி, கட்டாயம் அல்ல.

நன்மை கொடுக்கும் ஒழுங்கு நன்றாக இருக்கிறது. கையில் வாங்குபவர்கள் இடக்கையை மேலே, வலக்கையை அடியில் வைத்து, 'ஆமென்' சொல்லி, சாமியார் முன்னிலையிலேயே உட்கொள்கிறார்கள். உள்ளங்கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல் முறை நன்மை வாங்குதல்) வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் மனம் கலங்குகிறது. கடைசி ஆள் இடத்துக்குத் திரும்புவதற்குள் மைக்கில் திருமண ஓலையும் (நடக்கவிருக்கும் திருமணங்களின் அறிவிப்பு) சந்தா பாக்கியும். முந்தின மாலையிலிருந்து கூட்டிச் சேர்த்த அமைதி ஆண்டவரோடு பேச வேண்டிய அந்த நிமிடத்திலேயே சிதறிவிடுகிறது. நன்மைக்குப் பின் சற்று நேரம் மௌனம், பிறகு மன்றாட்டு, அதன்பின் அறிவிப்பு என்பதே திருப்பலியின் ஒழுங்கு. பங்குப் பேரவை முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சனிக்கிழமை ஆறரைக்கு மேல் வரிசை நீளும். நிதானமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவர்கள் ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். உத்தம மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக வருந்தும் செபம்) மனப்பாடமாக இல்லையென்றால் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது.