சென்னை வெயிலில் ஒரு ரீஃப் டேங்க்: மூன்று கோடை அனுபவம்

சென்னையில் ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர் டேங்க் வைக்க ஆசைப்படுகிறவர்கள் மீன் கடைக்குப் போவதற்கு முன்னால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) விலையை விசாரித்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி டேங்க் வைத்து மூன்று கோடை ஓடிவிட்டது. இதுவரை ஆன செலவு, கவலை, ராத்திரி எழுந்து பார்த்த வேலை எல்லாவற்றையும் கூட்டினால் பாதிக்கு மேல் வெப்பம் சம்பந்தப்பட்டதுதான். மீன், பவளம், பாறை எல்லாம் மீதியில் அடங்கிவிடும்.

டேங்க் மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் கொளத்தூரில் சொல்லிச் செய்தது. கீழே ஸ்டாண்டுக்குள் சம்ப் என்கிற இன்னொரு தொட்டி. கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் எல்லாம் அதில்தான். மேலும் கீழுமாக 220 லிட்டர் தண்ணீர் இருக்கும். கண்ணாடி, பாறை, மணல் சேர்த்தால் எடை 300 கிலோவைத் தாண்டும் என்பதால் அடியில் பீம் போகிற சுவரை ஒட்டி வைத்தோம். முதல் தடவைதானே, ஒன்றரை அடியில் ஆரம்பிக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். உப்புநீரில் அது தலைகீழ். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் ஒரே மதியத்தில் எகிறிவிடும். ஆரம்பத்துக்கு மூன்றடிதான் ஆகச் சின்ன அளவு.

பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். 27 வரை பரவாயில்லை. மே மாதத்தில் எங்கள் ஹாலில் மின்விசிறிக்குக் கீழேயே 34 இருக்கும். அதற்கு மேல் பம்பும் லைட்டும் தங்கள் பங்குக்குத் தண்ணீரைச் சூடாக்கும். பெங்களூரில் இருக்கும் நண்பர் டேங்கின் மேல் சின்ன ஃபேன் மாட்டிச் சமாளிக்கிறார். அங்கே காற்று காய்ந்தது. தண்ணீர் ஆவியாகும்போது நன்றாகக் குளிரும். சென்னைப் புழுக்கத்தில் அதே ஃபேன் இரண்டு டிகிரி குறைத்தால் அதிகம். பதிலுக்குத் தினமும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். இது ஏதோ வீட்டு டேங்கின் செல்லக் குணம் என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவிலேயே கோடையில் கடல் நீர் 30 டிகிரியைத் தாண்டி அப்படியே நின்றால் பவளங்கள் வெளுக்கின்றன. 2010-லும் 2016-லும் பெருமளவில் வெளுத்தன. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடுவதுதான் வெளுப்பு. கடலில் நடப்பது ஹாலில் நடக்க இரண்டு நாள் போதும்.

நாங்கள் வாங்கியது கால் எச்பி சில்லர். இந்த அளவு டேங்குக்கு 1/10 எச்பி போதும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அது குளிர்ந்த ஊர்க் கணக்கு. சின்ன சில்லர் ஏப்ரலிலிருந்து ஓயாமல் ஓடும்; பெரியது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கும். இன்னொன்று, சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஹாலில் வைத்தால் அந்தச் சூடு ஹாலிலேயே சுற்றும். பால்கனியில் வைத்து, சுவரில் துளை போட்டுக் குழாய் இழுத்துவிட்டோம். சத்தமும் வெளியே போயிற்று.

கரண்ட் பில்லைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சில்லர், பம்ப், லைட் எல்லாம் சேர்ந்து கோடையில் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்டுக்கு மேல் இழுக்கிறது. மார்கழியில் பாதிதான். ஆனால் தமிழ்நாட்டில் யூனிட்டை விட முக்கியம் 500 என்கிற கோடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. அதற்குக் கீழே இருக்கிற சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறும். ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீடென்றால் டேங்க் உங்களை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும். பட்ஜெட் போடும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். டேங்க் வந்த புதிதில் மாமனார் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, கடல் இங்கேதானே இருக்கு, நாலு கேன் மொண்டுட்டு வந்தா ஆச்சு. இதுக்குப் போய் உப்பைக் காசு குடுத்து வாங்கணுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் மெரினாவின் ஒரு முனையில் கூவம் கலக்கிறது, கொஞ்சம் தெற்கே அடையாறு. ஈசிஆரில் தள்ளிப் போய் எடுத்தாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் கரையோர நீர் வெகுவாக உப்புக் குறைந்துவிடும். வடக்கே பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீர் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி வரும் காலம் அது. டேங்குக்கோ வருஷம் முழுக்க ஒரே உப்பு வேண்டும், லிட்டருக்கு சுமார் 35 கிராம். ஆகவே உப்பு டப்பாதான்.

அந்த உப்பைக் கலக்கும் நன்னீரும் சாதாரணத் தண்ணீராக இருக்கக் கூடாது. எங்கள் அடுக்ககத்து போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுகிறது. சமையலறை ஆர்ஓ அதை 70, 80 ஆக்கித் தரும். நாம் குடிக்க அது போதும், பவளத்துக்குப் போதாது. ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்று மாட்டி டிடிஎஸ் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரெசின் தீரத் தொடங்கினால் முதலில் நழுவி வருவது சிலிக்கேட். மறுவாரமே கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். போர்வெல் தண்ணீரில் ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும். மெட்ரோ தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆர்ஓ வெளியேற்றும் கழிவுநீர் பக்கெட் பக்கெட்டாக வருகிறது. தரை துடைக்க, கழிப்பறைக்கு என்று அதைத் தீர்ப்பது தனி வேலை.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மலிவான பிளாஸ்டிக் முள் கருவியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் போதும், அளவு பொய். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரை வைத்துச் சரிபார்த்தால் போதாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) என்று போட்டு விற்கும் கரைசலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு டேங்கிலேயே தங்கும். எனவே குறைவதை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். இதைத் தானாகச் செய்யும் ஏடிஓ கருவியை ஆடம்பரம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். என் கணக்கில் சில்லருக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

தண்ணீர் நிரப்பி, பாறை வைத்த பிறகு ஆறு வாரம் டேங்கில் ஒன்றும் இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற வேண்டும்; இதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். அதற்கு அம்மோனியா வேண்டுமே என்று பழைய ஆட்கள் ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடுவார்கள். வீட்டில் மனிதர்களும் வசிப்பதால் நாங்கள் அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வருகிறவர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அசிங்கமான பருவம். முதலில் பழுப்புப் பாசி, அதன் பிறகு பச்சை முடிப்பாசி, நடுவில் சிவப்பு வழவழப்பு. இதைப் பார்த்துப் பலர் பயந்து, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கும் மருந்துகளைக் கொட்டுகிறார்கள். நண்பர் ஒருவர் டேங்கில் அப்படி இரண்டும் பூஜ்யமான பிறகு டைனோ வந்தது. குமிழிகளோடு தொங்கும் பழுப்புச் சளி அது. மற்றப் பாசிகள் பட்டினியில் சாகும்போது அது மட்டும் செழிக்கும். லிட்டருக்கு நைட்ரேட் 5, 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 மில்லிகிராம் அளவில் இருந்தால் நிம்மதியாக விட்டுவிடலாம். நத்தைகளைப் போட்டு, லைட் நேரத்தைக் குறைத்து, வாராவாரம் 20 லிட்டர் மாற்றிக்கொண்டு காத்திருந்ததில் ஏழெட்டு மாதத்தில் பாறையில் ஊதா நிறம் ஏறியது. அது சுண்ணாம்புப் பாசி. அது வந்தால் டேங்க் தேறிவிட்டது என்று அர்த்தம்.

இனி பவளம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அக்ரோபோரா, டார்ச், ஹாமர் என்று பாறை கட்டும் பவளங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாமும் 2001-ல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருக்கிற அட்டவணை அது. கடல் குதிரையும் அதே ஆண்டு சேர்ந்ததுதான். "இம்போர்ட் பீஸ் சார், பிரச்சினையே இல்லை" என்று விற்பவர் சொல்வார். பிரச்சினை வந்தால் அவர் வர மாட்டார். கடலிலிருந்து பெயர்த்து, நுண்ணுயிர்களோடு விற்கும் லைவ் ராக்கும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான், அதையும் தொட வேண்டாம். எங்கள் டேங்கில் இருப்பது செராமிக் பாறை. இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளைச் சுற்றி சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த கரை இது. அதே தீவுகள்தான் 1986-ல் தேசியப் பூங்காவாகின.

ஆகவே சாஃப்ட் கோரல்கள் என்கிற மென்பவளங்கள்: மஷ்ரூம், ஸோவா, ஒரு லெதர். இவை பாறை கட்டாதவை. கால்சியம், ஆல்கலினிட்டி என்று தினம் மருந்து ஊற்றும் வேலையும் இல்லை, வாராந்திரத் தண்ணீர் மாற்றமே போதும். முதல் டேங்குக்கு இவைதான் பொருத்தம் என்று சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். நீல வெளிச்சத்தில் ஸோவாவின் பச்சையும் ஆரஞ்சும் மின்னும்போது வேறெதுவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த ஸோவா குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971-ல் ஹவாய்த் தீவுகளில் எடுத்த இப்படி ஒரு உயிரியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கையுறை போடாமல் வெட்டக் கூடாது. ஸோவா ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து வெளிநாடுகளில் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மீன்கள் குறைவு. ஒரு ஜோடி கோமாளி மீன், கோபி என்கிற சின்ன மீன் ஒன்று, மீன்களைச் சுத்தம் செய்யும் ஒரு கிளீனர் இறால். கோமாளி மீன்கள் பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. பண்ணை மீன் உலர் தீனியை முதல் நாளே தின்னும். பிடித்து வந்த மீன் பல நேரம் தின்னாமலே போய்விடும். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். எங்கள் வீட்டு அம்மணிக்கு இப்போது டேங்கில் கைவிட்டால் கடிக்கும் அதிகாரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் குழந்தைகள் சினிமாவில் பார்த்த நீல மீனைக் கேட்கிறார்கள். நீந்த ஆறடி வேண்டிய மீன் அது. புது மீன் எதுவானாலும் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் மருந்து தாமிரம், தாமிரம் பட்டால் இறாலும் நத்தையும் செத்துவிடும். பெரிய டேங்கிலேயே மருந்து போடலாம் என்ற வழி கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் திரும்ப இரண்டு நாள் ஆனது. குளிர்ந்த வானிலை, ஆகவே வெப்பம் பிரச்சினை இல்லை. போனது ஆக்ஸிஜன்தான். உப்புநீரில் அது ஏற்கெனவே நன்னீரை விடக் குறைவாகத்தான் கரையும். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் (தண்ணீரை அலையடிக்க வைக்கும் பம்ப்) ஒன்றை மட்டும் ஓடவிட்டு, இன்வெர்ட்டர் இறங்கிய பிறகு பேட்டரி ஏர் பம்ப் போட்டு, நடுநடுவே சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினோம். தீனியை நிறுத்திவிட்டோம். ஒரு நத்தையைத் தவிர எல்லாம் பிழைத்தன. பேட்டரி ஏர் பம்ப்தான் டேங்க் சாமான்களிலேயே மலிவானது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.

வாங்கியதில் வீண் என்றால் பாக்டீரியா குப்பிகளில் பாதி, விதவிதமான பாசி மருந்துகள், செல்போனில் நிறம் மாற்றும் லைட் வசதி. பரணில் கிடக்கின்றன. ஸ்டாண்டின் இரும்புக் கீல்கள் உப்புக் கசிவில் துருப்பிடித்து ஒரு முறை மாற்றியாயிற்று. புதிதாகச் செய்கிறவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஏடிஓ தொட்டியை நிரப்பி, தீனியை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுகிறோம். டப்பாவோடு கொடுத்தால் பாவம் என்று அள்ளிப் போட்டுவிடுவார்.

ஐந்தடிக்கு மாறப் போகிறாயா என்று கேட்கிறார்கள். கோடை பில்லைப் பார்த்த பிறகு வீட்டில் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. மஷ்ரூம்கள் பெருகிப் பாறை கொள்ளாமல் போய்விட்டன, இனி வெட்டித்தான் ஆக வேண்டும். புதிதாக டேங்க் வைத்து, சைக்கிள் முடித்து, சில்லரும் மாட்டியவர்களுக்கு இலவசமாகவே தருகிறேன்.