வண்டி தங்கம், ஃபிரிட்ஜ்தான் சனியன்

போன வாரம்தான் எங்கள் ஆர்வியில் (படுக்கை, சமையலறையோடு ஊர் சுற்றும் வீட்டு வண்டி) இருக்கும் ஃபிரிட்ஜின் கூலிங் யூனிட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "இப்ப விலை நல்லா இறங்கியிருக்கு, உங்க மாடலையே வாங்கலாமா?" என்று கேட்டார். பில் சட்டைப்பையில் இருக்கும்போது கேட்கக்கூடாத கேள்வி. இருந்தாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஃபோர்டு இ-450 வேன் சேஸியில் கட்டிய, கிளாஸ் சி எனப்படும் நடுத்தர ரக வண்டி. படுக்கை எத்தனை, டேங்க் எவ்வளவு என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். லாஸ் வேகஸ் பக்கம் போய்விட்டு சாக்ரமெண்டோ வீட்டுக்குத் திரும்பும்போது டெத் வேலி பாலைவனம் வழியாகத்தான் வருவோம். அதற்குள் இருக்கும் பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. அங்கிருந்து வந்து 190-ம் நெடுஞ்சாலையில் ஏறினால் டவுன் பாஸ் கணவாய், ஏறக்குறைய 5,000 அடி. ஏசியை அணைக்கச் சொல்லி வழியில் போர்டே வைத்திருக்கிறார்கள். வி10 இன்ஜின் கத்தும், ஆனால் திணறாது. அந்தப் பக்கம் பானமிண்ட் பள்ளத்தாக்குக்கு இறங்கும்போதுதான் டோ/ஹால் பட்டனின் அருமை தெரியும். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், கியர் தானாகக் குறைந்து இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் போகிற கார்களின் பிரேக் கருகும் வாடை வரும், நாம் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருப்போம்.

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம். இது கம்ப்ரசர் இல்லாத ரகம். அம்மோனியா கலந்த தண்ணீரைத் தீயில் சூடாக்கிக் குளிர்ச்சியை வரவழைக்கும் இந்த வித்தையை 1922-ல் ஸ்வீடனில் வான் பிளேட்டன், மண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். சத்தம் கிடையாது. கரண்ட் இல்லாத இடத்திலும் கேஸில் ஓடும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் திரவம் தானாக வழிந்து இறங்கினால்தான் வேலை நடக்கும் என்பதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினால் பின்பக்கக் குழாய்களின் சூடு இறங்காது. மேலே போனால் காற்று மெலிந்து தீ அணையும்; 5,500 அடிக்கு மேல் கரண்டுக்கு மாற்றிக்கொள் என்று மேனுவலே சொல்கிறது. பாலைவனம் ஆகாது, மலை ஆகாது, சரிவு ஆகாது. அப்புறம் இதை எதற்கு ஆர்வியில் வைக்கிறார்கள்?

ஒரு தடவை டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் மதிய வெயில் ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் அடித்து, உள்ளே 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. கதவைத் திறந்தால், இட்லி மாவு டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கதவு ரப்பரின் மடிப்புக்குள் வழிந்து காய்ந்திருந்தது. மனைவி பல்குத்தும் குச்சியால் அதைச் சுரண்டியபடியே, "மிச்சத்தை தோசையா ஊத்திடலாம், விடுங்க" என்றாள்.

மறுநாள் 395-ம் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தோம். லோன் பைனில் இடப்பக்கம் விட்னி சிகரம், 14,505 அடி. பிஷப் தாண்டி ஷெர்வின் ஏற்றம், அப்புறம் 8,000 அடிக்கு மேலே கான்வே சமிட். அதன் அருகே வண்டியை நிறுத்தினால் கீழே மோனோ ஏரி முழுசாகத் தெரியும். பார்க்கவா முடிந்தது? உள்ளே டிக் டிக் டிக் என்று, அணைந்த தீயைப் பற்றவைக்கப் பொறி தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். ராத்திரி பிரிட்ஜ்போர்ட்டிலும் இதே கச்சேரி. ஜெனரேட்டர் போட்டு ஓட்டலாம் என்றால், கேம்ப்கிரவுண்டில் இரவில் அதற்கு அனுமதியில்லை. அக்டோபர் குளிரில் பாலை வெளியே வைத்தாலே நன்றாகக் குளிரும், ஆனால் கரடிக்கு யார் பதில் சொல்வது?

கடற்கரைப் பக்கம், கரண்ட் வசதியுள்ள இடத்தில் நிறுத்தினால் இதே ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் கல்லாக இறுகுகிறது. பின்பக்கம் சின்ன ஃபேன் இரண்டு மாட்டினால் வெயிலையும் ஓரளவு தாங்கும் என்கிறார்கள், மாட்டியிருக்கிறேன்.

ஆக, இன்ஜினுக்கு முழு மார்க், வண்டி ஓட்டச் சுகம், பதில்: வாங்காதீர்கள். அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ. அதையும் மீறி வாங்குவதென்றால், வண்டி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் போட்டதாகப் பாருங்கள். பழைய ரகம்தான் கிடைக்கிறது என்றால், வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றி மோந்து பாருங்கள். அம்மோனியா நெடியோ, குழாய்களில் மஞ்சளாகப் பொடி படிந்திருப்பதோ தெரிந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.