ராத்திரி இரண்டரைக்கு அடித்த எடிசன் நம்பர்

மார்கழியில் மூன்று வாரம் கும்பகோணத்தில் இருந்தேன். நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கிளம்பும்முன் எல்லாரிடமும் என் கூகுள் வாய்ஸ் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு. அந்த ஒரு நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் என் செல்போன், மனைவியின் செல்போன், வீட்டு லேண்ட்லைன் எல்லாம் சேர்ந்து அடிக்கும். முதலில் எடுப்பவர் பேசலாம். கிராண்ட் சென்ட்ரல் என்று இருந்த சின்ன சேவையை 2007இல் கூகுள் வாங்கி, 2009இல் இந்தப் பெயரில் கொண்டுவந்தது.

ஊரில் வாங்கிய சிம்மையும் இதில் இணைத்துவிடலாம் என்று பார்த்தேன். அமெரிக்க நம்பர்தான் சேரும். சரி, செயலி இருக்கிறதே, அப்பா வீட்டு வைஃபையில் அடிக்கும் என்று விட்டுவிட்டேன். அடிக்கத்தான் செய்தது.

இரண்டாம் நாள் ராத்திரி இரண்டரை மணி. நம் வீடுகளில் அந்த நேரத்தில் போன் வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கண்ணைத் திறப்பதற்குள் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாருடா? யாருக்கு என்ன?" அம்மா லைட்டைப் போட்டாள். எடுத்துப் பார்த்தால், எடிசனில் காரை விட்டுவிட்டு வந்த பட்டறைக்காரர். அவருக்கு மாலை நான்கு மணி. பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, மாற்றட்டுமா என்கிறார். மனைவியின் போனும் அதே நேரம்தான் அடித்திருக்கிறது. அவள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். "பிரேக் பேடா?" என்று கேட்டுவிட்டு அப்பா படுத்தார். தூங்கியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அமைப்புகளைத் தோண்டினேன். 'தொந்தரவு செய்யாதே'யைப் போட்டால் அழைப்பெல்லாம் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும், மனைவிக்கும் அடிக்காது. அது வேண்டாம். என் கையில் இருக்கும் கருவிக்கு மட்டும் அழைப்பு வராதபடி நிறுத்த வழி இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு நிறுத்துவேன், காலை காபிக்கு அப்புறம் திறப்பேன். ஊருக்குப் போகிறவர்கள் விமானம் ஏறும்முன்பே இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அப்பா வீட்டிலும் இப்போது இதே கதைதான். முன்பு மாடியில் ஒரு பாரலல் கனெக்ஷன் இருந்தது. கீழே பேசுவதை மேலே ரிசீவரை எடுத்து ஒட்டுக்கேட்பது எங்கள் பால்ய வித்தை. இப்போது ஃபைபர் இணைப்போடு வந்த லேண்ட்லைன் நம்பரைத் தம்பி ஒரு செயலி வழியாக அம்மாவின் செல்போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறான். போன் வந்தால் ஹாலிலும் அடிக்கிறது, அடுப்படியிலும் அடிக்கிறது. அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்கு நடந்து போய் ரிசீவரை எடுப்பதற்குள் அம்மா அடுப்படியில் பாதிப் பேச்சு முடித்திருப்பாள்.

"கட்டாயிடுச்சு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ரிசீவரைத் துடைத்து வைப்பார்.