பழைய புல்லட் 350 மறுகட்டுமானம்: வருஷக்கணக்கில் ஓட்டிய பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை

இங்கே பேசப்படுவது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட் 350. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்த பிறகு திருவொற்றியூரில் உருவாகி, 2010 வாக்கில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கேஸில் உள்ள யூ.சி.இ. எஞ்சின் அதன் இடத்தைப் பிடிக்கும்வரை அடிப்படை மாறாமல் வந்த வண்டி. 346 சிசி, 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), கம்ப்ரஷன் 6.5:1, 18 குதிரைத்திறன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்ற வண்டியை எடுத்துக் கட்டி, அப்புறம் தினப்படி வேலைக்கே ஓட்டினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

இந்த வண்டியில் பணம் போக வேண்டிய இடம் இரண்டு: பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க், அந்தக் கிராங்குக்கு ஆயில் போகும் வழி. பெயிண்டிலும் குரோமிலும் ஆரம்பித்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே வருஷத்தில் மறுபடி பட்டறை ஏறுகின்றன. அப்போது புதுப் பெயிண்டிலேயே ஸ்பானர் கீறல் விழும்.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது டிரை சம்ப் எஞ்சின், அதாவது ஆயில் கிராங்குக்கு அடியில் தேங்காமல் ஒரு டேங்கிலிருந்து சுற்றி வரும். ஆனால் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது, கிராங்க் கேஸின் பின்பாதியிலேயே ஓர் அறையாக இருக்கும். கொள்ளளவு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். கேம் பற்சக்கரங்களை மூடும் டைமிங் கவரில் இரண்டு பம்ப். ஒன்று ஃபில்டர் வழியாகப் பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்துக்கு, ஆயிலைத் தள்ளும். மற்றது கீழே விழுந்த ஆயிலை எடுத்து மேலே வால்வுகளை இயக்கும் ராக்கருக்குக் கொடுத்து டேங்குக்குத் திருப்பும். வண்டியை ஸ்டார்ட் செய்து, ராக்கர் பைப்பின் பேஞ்ஜோ போல்ட்டைத் தளர்த்தி, "பாருங்க, ஆயில் வருது" என்று மெக்கானிக் காட்டுவார். வருவது திரும்பும் ஆயில். பிக் எண்டுக்குப் போகிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதைப் பார்க்க டைமிங் கவரில் ஃபீடு வழியை மூடும் திருகு ஒன்று இருக்கிறது. எஞ்சின் மெல்ல ஓடும்போது அதைத் தளர்த்தினால் அங்கே ஆயில் கசிந்து வர வேண்டும்.

கவரிலிருந்து கிராங்குக்குள் ஆயில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன கார்க் சீல் உண்டு. விலை ஒன்றுமில்லை. ஆனால் அது நசுங்கியோ, காய்ந்தோ, போட மறந்தோ போயிருந்தால் ஆயில் கிராங்குக்குள் போகாமல் டைமிங் பக்கமே வழிந்துவிடும். ராக்கரில் ஆயில் தாராளமாக வந்துகொண்டிருக்க, கீழே பிக் எண்ட் காய்ந்து தட்டத் தொடங்கும். கவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இந்த சீலைப் புதிதாகப் போடுங்கள். பம்பை ஓட்டும் வார்ம் நட் இடப்புற மரை கொண்டது. வழக்கம்போல் திருப்பி முனையை நாசம் செய்த கிராங்குகள் பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடைக்கும்.

ஃபெல்ட் ஃபில்டர் மாற்றும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபில்டர் அறை காலியாக இருந்தால், பம்ப் அனுப்பும் ஆயில் முதலில் அந்த அறையை நிரப்பிவிட்டுத்தான் கிராங்குக்குப் போகும். அதுவரை பிக் எண்டுக்குப் பழைய ஈரம்தான். எனவே ஃபில்டரை ஆயிலில் ஊறவைத்து, அறையிலும் ஆயிலை ஊற்றி மூடி, பிளக்கைக் கழற்றிவிட்டு முப்பது நாற்பது தடவை கிக்கரை மிதித்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். ஆயில் 20டபிள்யூ-50. கட்டிய எஞ்சினுக்கு முதல் மாற்று 500 கிலோமீட்டரில். அதன் பிறகு 2,500 முதல் 3,000-க்கு ஒருமுறை, ஒன்று விட்டு ஒன்றுக்கு ஃபில்டர். கூடுதலாகச் செலவழித்து சிந்தெடிக் ஊற்றுவதில் இந்த எஞ்சினுக்குப் பெரிய லாபம் தெரியவில்லை; அடிக்கடி மாற்றுவதில் தெரிகிறது.

கிராங்கைப் பிரிக்காமல் 'கையால் ஆட்டிப் பார்த்தோம், பிளே இல்லை' என்று விடக்கூடாது. பல வருஷம் நின்ற வண்டியில் பிக் எண்ட் பாதி ஆயிலிலும் பாதி காற்றிலும் இருந்து துரு பிடித்திருக்கும். பழைய எஞ்சின்களில் அது மிதக்கும் புஷ். இப்போது ரோலர் வைத்த கனெக்டிங் ராடு செட் கிடைக்கிறது. புஷ் அமைதியாக ஓடும், ஆனால் ஆயில் ஒரு நிமிஷம் தவறினாலும் மன்னிக்காது. ரோலர் கொஞ்சம் தாங்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு ரோலரையே சொல்வேன். எதைப் போட்டாலும் ஃப்ளைவீலைச் சேர்த்த பிறகு இரண்டு முனையிலும் டயல் கேஜ் வைத்து, சுழலும்போது வரும் கோணல் 0.05 மி.மீ.-க்குள் இருக்கிறதா என்று நேரில் நின்று பார்க்க வேண்டும். செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கும் வேலை அது. பொறுமையுள்ள லேத் பட்டறைக்காரர் அரை நாள் எடுத்துக்கொள்வார். பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தால் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஃபுட்ரெஸ்ட் காலைக் கூசவைக்கும்.

சிலிண்டருக்கு வருவோம். பிஸ்டன் 0.020, 0.040, 0.060 அங்குல ஓவர்சைஸில் வரும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே ரீபோர் செய்ய வேண்டும், ஏனென்றால் பெட்டியில் போட்ட அளவும் பிஸ்டனின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பிஸ்டன் ஸ்கர்ட்டுக்கும் போருக்கும் இடைவெளி 0.08 முதல் 0.10 மி.மீ. 'டைட்டா இருந்தா நல்லா இழுக்கும்' என்று இதற்கும் கீழே வைத்தால், மே மாத வெயிலில் திண்டிவனம் தாண்டும் முன்பே பிடித்துக்கொள்ளும். ரிங்கைத் தனியாகப் போருக்குள் நேராக இறக்கி முனை இடைவெளி பார்க்கவும்: 0.35 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். போர் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கக்கூடாது. குறுக்குக் கோடுகளாக ஹோனிங் தெரிய வேண்டும், அதில்தான் ஆயில் நிற்கும், ரிங் படியும். 0.060-உம் முடிந்த பேரலுக்கு லைனர் இறக்கலாம். நல்ல இடத்தில் இறக்கினால் புதிதுபோலவே ஓடுகிறது.

வால்வு கைடு தேய்ந்திருந்தால் சீட் மட்டும் கட் செய்வது வீண். கைடு மாற்றி, அதன் பிறகு சீட் வெட்டி, லேப்பிங் செய்து, பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பதே வரிசை. டாப்பெட் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் பூஜ்யம்: கம்ப்ரஷன் உச்சியில் புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஹெட் நட்டுகளை முதல் முறை சூடாகி முழுசாகக் குளிர்ந்ததும் ஒருமுறையும், 500-இல் இன்னொரு முறையும் இறுக்கி, கூடவே டாப்பெட்டையும் பார்த்துவிடுங்கள்.

ஆயில் ஒழுகினால்தான் புல்லட் என்பது சோம்பேறி மெக்கானிக் கட்டிவிட்ட கதை. ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் பிரீதர். கிராங்க் கேஸின் காற்றை வெளியே விட்டு உள்ளே வராமல் தடுக்கும் அந்த வாத்து மூக்கு ரப்பர் கெட்டியாகிப் போனால், உள் அழுத்தம் எந்த பேக்கிங் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். சிவப்பு அனாபாண்ட் பசையை வாரிப் பூசுவதால் இது தீராது. பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைக்கும் அபாயம்தான் மிச்சம். முதலில் ரப்பரை மாற்றுங்கள். அப்புறம் கேஸ் முகங்களைக் கண்ணாடி மேல் எமரி ஷீட் வைத்துச் சமன் செய்யுங்கள்.

கிளட்ச் பக்கம் பிரைமரி கேஸுக்கு 420 மி.லி. ஆயில். செயின் இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. ஆட்டம். கவர் ஒரே நட்டில் நிற்பதால் ரப்பர் சீல் சரியாக உட்கார்ந்தால்தான் தங்கும். நாலு கியர் ஆல்பியன் பெட்டி முரடானது, ஆனால் உறுதியானது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரிலும் மாட்டாத பொய் நியூட்ரல் விழுந்தால் பல்லை மாற்ற ஓட வேண்டாம். வெளிக் கவருக்குள் இருக்கும் ஸ்டாப் பிளேட்டை ஒரு மி.மீ. நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகும். ஸ்லீவ் கியர் புஷ் தேய்ந்திருந்தால் மட்டும் பிரித்தே ஆக வேண்டும், இல்லையேல் ஆயில் பின் செயினில் வழிந்துகொண்டே இருக்கும்.

மின்சாரத்தில் 6 வோல்ட்டோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. ஸ்டேட்டர், ரோட்டார், ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், காயில், பல்புகள் எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு தடித்த எர்த் ஒயர் போடுங்கள். பவுடர் கோட்டிங் செய்த பிரேமை எர்த்துக்கு நம்பினால் இண்டிகேட்டர் போடும்போது ஹார்ன் அழும். காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் யூனிட் முழுக்கப் பின்தங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்க வேண்டும். அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்தோ துருப்பிடித்து ஒட்டியோ இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கும்.

ஸ்டார்ட் செய்யும் முறையில் பலம் தேவையே இல்லை. சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்மீட்டரைப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்த முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தில் பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சிக்கு அருகில். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. டைமிங்கும் கார்ப்பரேட்டரும் சரியாக உள்ள வண்டி இதில் எடுக்காமல் போவது அபூர்வம்.

பெயிண்ட் வேலைக்கு முன் பிரேமில் சென்டர் ஸ்டாண்ட் லக், ஸ்விங் ஆர்ம் பிவட், எஞ்சின் மவுண்ட் இந்த மூன்று இடங்களில் விரிசல் பார்க்கவும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது ஸ்டியரிங் கப், மரைகள், முக்கியமாக சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை மறைத்துக் கொடுங்கள். தடித்த கோட்டிங் எண்ணை நிரப்பிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பென்சில் தேய்த்து எடுக்க முடியாது. அங்கே போய்ச் சுரண்டினால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

கஸ்டம் வேலைகளில் வருஷக்கணக்கில் நின்றவை சாதாரணமானவைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்போக். முன்பக்கம் ஆறு அங்குல டிரம்முக்குப் பதில் பிற்கால மாடல்களின் ஏழு அங்குல ட்வின் லீடிங் டிரம்: இது அழகுக்கு அல்ல, லாரிக்குப் பின்னால் ஓட்டுகிறவருக்கு அவசியம். ஸ்டியரிங்கில் குண்டுகளுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங். எல்.இ.டி. ஹெட்லைட்டில் நல்ல ஒன்று. இவ்வளவே.

கழற்றி எறியப்பட்டவை பட்டியல் நீளம். பின்னால் 4.00 அகல டயர் போட்டால் செயின் கார்டில் உரசும், வளைவில் வண்டி சாயவே யோசிக்கும், 3.25-19 தான் இதன் அளவு. உயர ஹேண்டில்பாருக்குக் கேபிள் எல்லாம் நீளமாக்க வேண்டும், இல்லையேல் திருப்பும்போது கேபிள் இழுபட்டு கிளட்ச் தானே விலகும். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு வாய் திறந்த கார்ப்பரேட்டர் வைப்பது ஸ்டைலாக இருக்கும். ஆனால் நம் ஊர்ப் புழுதியில் புது ரிங்கும் போரும் சீக்கிரமே தேய்ந்து புகை கக்கும். தடுப்பில்லாத சைலன்சரில் கலவை மெலிந்து பிளக் வெளுக்கும், எக்ஸாஸ்ட் பைப் நீலமாகும், டிராஃபிக் போலீஸும் நிறுத்துவார்.

பிரேமை வெட்டி பாபர் (மட்கார்டு குறைத்த, தாழ்ந்த ஒற்றை சீட் வண்டி) ஆக்குவது பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள அமைப்பை மாற்ற இடம் தருவதில்லை. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இன்னும் தெளிவாக்கியது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம். வெட்டிய பிரேமுக்கு அந்த வழி இல்லை. 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும், சேசிஸிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்த வண்டியை ஏற்பதில்லை. சீட்டும் மட்கார்டும் போல்ட்டில் கழன்று பழையபடி மாட்டும்படி செய்த கஸ்டம் மட்டுமே தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும் நாளில் தலைவலி தராது.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்குப் புதுத் தொல்லை. பழைய ரப்பர் பெட்ரோல் பைப் உப்பி மெத்தென்றாகும். மலிவான டேங்க் கோட்டிங் உரிந்து கார்ப்பரேட்டரில் பிசினாகும். எத்தனால் தாங்கும் பைப், புது ஃப்ளோட் நீடில், டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவே ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள். மெயின் ஜெட் ஓர் அளவு பெரிதாக்கினால் சூடு குறைகிறது. மைலேஜ் 30-35 கிடைத்துக்கொண்டிருந்த வண்டி கொஞ்சம் இறங்கும். அதைத் திரும்பப் பிடிக்க ஜெட்டைச் சின்னதாக்க வேண்டாம்.

வேகம் 65-70-இல் வைத்தால் நாள் முழுக்க ஓடும். 90-இல் விடாமல் இழுப்பவருக்கு இந்த வண்டி வேண்டாம், வேறு பாருங்கள். இரண்டு மூன்று வாரம் நிற்கப்போகிறது என்றால் ஒன்றை மறக்கக்கூடாது: டேங்க் அறையின் ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து ஃப்ளைவீல் அறைக்கு இறங்கும். அளவுக் குச்சியில் ஆயில் குறைந்தது போலத் தெரியும். அதை நம்பி ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் எக்ஸாஸ்டில் நீலப் புகையும் பிரீதர் வழியாக ஆயிலும் கொட்டும். ஊற்றாமல் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தியதும் அளவைப் பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.