இங்கிலாந்துக் கோடரியா, உள்ளூர்க் கோடரியா?

18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் காடு திருத்தப் போனவருக்கு முதல் தேவை கோடரி. ஒன்று, கப்பலில் வந்த இங்கிலாந்துப் பாணிக் கோடரி. இன்னொன்று, உள்ளூர்க் கொல்லர்கள் மெல்ல மெல்ல மாற்றி அடித்த அமெரிக்கக் கோடரி.

இரண்டையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். இங்கிலாந்துக் கோடரியில் காம்பு நுழையும் துளைக்குப் பின்னால் இரும்பு சொற்பம். வாய் நீண்டு முன்னால் கனத்திருக்கும். ஓங்கும்போது தலை ஆடும், வெட்டு குறி தவறும். அமெரிக்கக் கோடரியில் வாய் குட்டை, பின்மண்டை தடித்த இரும்பு. முன்னும் பின்னும் எடை சமமாவதால் வீச்சு நேராக இறங்கும், வெட்டும் ஆழமாக விழும். நாள் முழுக்க மரம் வெட்டுபவருக்கு இது சின்ன விஷயமா என்ன!

செய்முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரும்புப் பட்டையை மடக்கித் துளை விட்டு, வாயில் மட்டும் எஃகுத் துண்டைப் பற்றவைப்பார்கள். எஃகு விலை அதிகம். குடியேற்றங்களில் புதிய எஃகு உலைகள் கட்டக் கூடாது என்று 1750இல் பிரிட்டன் சட்டமே போட்டது.

காம்பு? அதைப் பலரும் தாங்களே ஹிக்கரி என்ற உறுதியான வட அமெரிக்க மரத்தில் செதுக்கிக்கொண்டார்கள். வளைந்த காம்பெல்லாம் அப்புறம், 19ஆம் நூற்றாண்டில் பரவியது.

பெருமரங்களை வீழ்த்த என்றால் என் ஓட்டு உள்ளூர்க் கோடரிக்கே. சுள்ளி வெட்ட மட்டும் என்றால் இங்கிலாந்துக் கோடரியே போதும்.