எமர்சனின் ஒளியும் ஹாதோர்னின் இருளும்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சிற்றூரில் 'ஓல்டு மான்ஸ்' என்றொரு பழைய வீடு இன்றும் நிற்கிறது. 1836-ல் வெளிவந்த 'நேச்சர்' நூலை ரால்ஃப் வால்டோ எமர்சன் எழுதியது அந்த வீட்டின் மாடி அறையில். 1842-ல் புது மனைவியோடு அங்கே வாடகைக்குக் குடிவந்த நத்தானியேல் ஹாதோர்ன், அதே அறையில் உட்கார்ந்து மனித மனத்தின் கறைகளைப் பற்றிக் கதைகள் எழுதினார். அவர்களுக்காகக் கொல்லையில் காய்கறி பயிரிட்டு வைத்தவர் ஹென்றி டேவிட் தோரோ.

எமர்சனும் தோரோவும் நின்ற, மனிதனை நம்பிய ஆழ்நிலைவாதமும், ஹாதோர்ன், போ, மெல்வில் ஆகியோரின், அவனை ஐயத்தோடு பார்த்த இருண்ட கற்பனாவாதமும் அமெரிக்க இலக்கியத்தில் இப்படி அக்கம்பக்கத்தில் வளர்ந்தவை. மனிதனின் உள்ளே இருப்பதைச் சரியாகக் கண்டவர்கள் இருண்ட அணியினர் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நாடு அநீதி செய்தபோது வாய் திறந்தவர்கள் பெரும்பாலும் ஒளியின் பக்கம் நின்றவர்கள். இந்த முரண்தான் இரண்டு பக்கத்தையும் மறுபடி மறுபடி படிக்க வைக்கிறது.

எமர்சன் பாஸ்டனில் பாதிரியாராக இருந்தவர். திருவிருந்துச் சடங்கை நடத்த மனம் ஒப்பாமல் 1832-ல் பதவியை விட்டார். மனிதன் பிறவியிலேயே பாவி என்ற பழைய கால்வினியக் கிறிஸ்தவக் கொள்கைக்கு நேர் எதிர்த் திசையில் அவர் நடந்தார்: ஒவ்வொருவருக்குள்ளும் தெய்வாம்சம் உண்டு, அதைக் கேட்டு நட, ஊர் சொல்வதைக் கேட்காதே. 1841-ல் வந்த 'செல்ஃப் ரிலையன்ஸ்' கட்டுரையின் சாரம் இதுதான். நம் காதுக்கு இது புதிதாகப் படாததற்குக் காரணம் உண்டு. எமர்சனும் தோரோவும் பகவத்கீதையை ஆர்வத்தோடு படித்தவர்கள். தோரோவின் 'வால்டன்' நூலிலேயே கீதை வருகிறது.

ஹாதோர்னுக்கு அந்த நம்பிக்கை எளிதில் வாய்க்கவில்லை. 1692-ல் மாசச்சூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்ட வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர் அவருடைய முன்னோர், நீதிபதி ஜான் ஹாதோர்ன். மனச்சாட்சியின் குரல் என்று நம்பிக்கொண்டே கொலை செய்ய முடியும் என்பதற்குச் சான்று அவர் வீட்டிலேயே இருந்தது. ஓல்டு மான்ஸில் எழுதிய 'தி பர்த்மார்க்' கதையில் ஒரு விஞ்ஞானி, அழகான மனைவியின் கன்னத்தில் கை வடிவில் இருக்கும் சிறு மச்சத்தைப் பொறுக்க முடியாமல் அதை நீக்க மருந்து கொடுக்கிறான். மச்சம் மறைகிறது, அவளும் இறக்கிறாள். மனிதனை முழுமையாக்கிவிடலாம் என்ற கனவுக்கு, அந்தக் கனவு எழுதப்பட்ட அறையிலிருந்தே வந்த பதிலாக இதைப் படிக்கலாம். 

எட்கர் ஆலன் போ இன்னும் கடுமையானவர். எமர்சன் போன்ற பாஸ்டன் எழுத்தாளர் வட்டாரத்தையே அவருக்குப் பிடிக்காது. தவறு என்று தெரிந்ததாலேயே ஒன்றைச் செய்யத் துடிக்கும் மனத்தை அவர் 1845-ல் 'தி இம்ப் ஆஃப் தி பர்வர்ஸ்' கதையில் காட்டினார். உன் உள்ளுணர்வை நம்பு என்று சொல்லும் தத்துவத்திடம் இதற்கு விடை கிடையாது.

இயற்கை என்று வரும்போது போட்டி இன்னும் கூர்மையாகிறது. காட்டில் நிற்கையில் தான் என்பது கரைந்து, தான் ஒளி ஊடுருவும் ஒரு கண்ணாக மட்டும் ஆகிவிடுவதாக எமர்சன் எழுதினார். 1851-ல் வந்த 'மோபி டிக்' நாவலில் ஹெர்மன் மெல்வில் அதே பரவசத்தைக் கப்பலின் பாய்மர உச்சியில் கொண்டுபோய் வைக்கிறார். காவலுக்கு ஏறிய இளைஞன் கடலோடு தன் ஆன்மா கலப்பதாக மயங்குகிறான். கால் ஓர் அங்குலம் நழுவினால் நேரே கடல்தான். இந்த நூலை மெல்வில் ஹாதோர்னுக்கே காணிக்கையாக்கினார். தோரோவும் இயற்கையின் இந்த ஆபத்தை உணராதவர் அல்ல. வால்டன் குளக்கரையில் வாழ்ந்த காலத்திலேயே, 1846-ல், மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலையில் ஏறியபோது மனிதனைப் பொருட்படுத்தாத இயற்கையைக் கண்டு நடுங்கினார். அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு அவரை வெறும் இயற்கை ரசிகராகக் கொண்டாடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இனி நாடு செய்த அநீதிகள்: பழங்குடியினரை விரட்டியதும் அடிமை முறையும். செரோக்கி பழங்குடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து விரட்டுவதைக் கண்டித்து 1838-லேயே ஜனாதிபதி வான் பியூரனுக்குக் கடிதம் எழுதியவர் எமர்சன். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் மேடையில் சாடினார். தோரோ அடிமை முறையை ஏற்ற அரசுக்கு வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார்; அதிலிருந்து பிறந்த 1849-ஆம் ஆண்டுக் கட்டுரை பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஹாதோர்னோ 1852-ல் தன் கல்லூரி நண்பர் ஃபிராங்க்ளின் பியர்ஸுக்காகத் தேர்தல் கால வாழ்க்கை வரலாறு எழுதினார். அடிமை முறை மனித முயற்சியால் தீரக்கூடியதல்ல, காலம் வரும்போது தானே மறையும் என்றார் அதில். பியர்ஸ் ஜனாதிபதியானார், ஹாதோர்னுக்கு லிவர்பூலில் அமெரிக்கத் துணைத் தூதர் (கான்சல்) பதவி கிடைத்தது. பாவத்தை அவ்வளவு நுட்பமாக எழுதியவர், கண்ணெதிரே நடந்த பாவத்தை விதியிடம் விட்டுவிட்டார். அவரை நேசிக்கும் வாசகனாக எனக்கு இது இன்றும் வலிக்கிறது.

இருளைப் பார்ப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒதுங்கிவிடுவார்கள் என்று முடிவுகட்டவும் முடியாது. மெல்விலின் 'பெனிட்டோ செரேனோ' 1855-ல் வந்தது. மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த நல்ல மனம் கொண்ட ஒரு கேப்டன், அடிமைகளே கைப்பற்றி நடத்தும் கப்பலில் ஒரு நாள் முழுக்க இருந்தும் நடப்பது புரியாமல் திரிகிறார். கறுப்பர்கள் பிறவியிலேயே பணிவானவர்கள் என்ற அவருடைய இனிய எண்ணம் கண்ணை மறைக்கிறது. எல்லாம் நலமே என்று நம்பும் மனம் எதையெல்லாம் காணத் தவறும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

புதிதாகப் படிக்க வருபவர்கள் 'செல்ஃப் ரிலையன்ஸ்' கட்டுரையோடு எமர்சனை மூடிவிட வேண்டாம். ஐந்து வயது மகன் 1842-ல் இறந்த பிறகு அவர் எழுதிய 'எக்ஸ்பீரியன்ஸ்' கட்டுரைக்கு வாருங்கள். துயரம்கூடத் தனக்கு எதையும் கற்றுத் தரவில்லையே என்று அதில் துயரப்படுகிறார். அதை முடித்த கையோடு 'தி பர்த்மார்க்' படியுங்கள். அதற்குப் பிறகு மெல்வில்.